ஆறு மிளகு

பிள்ளை வரத்துக்காக ஆறு வருடம் கந்தசஷ்டி விரதம் இருப்பதாகச் சிவாஜினி நேர்ந்திருந்தாள். ஐந்து வருடம் முடிந்துவிட்டது. 2016 நவம்பரில் வந்தது ஆறாவது. நாளுக்கு ஆறு மிளகும் தண்ணீரும்தான். அப்படியே லாசப்பல் என்ற பிரெஞ்சு நாட்டுத் தமிழ்க் கடைத்தெருவில், ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று பகல் முழுவதும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்தாள். உப்புப் பார்க்கும் வேலையை மட்டும் கூட வேலை செய்யும் ரோசாலியிடம் விட்டிருந்தாள்.

ரோசாலி மன்னார்க்காரி, வேதக்காரி.

“தவக்காலத்திலை நாங்கள் இறைச்சியை விட்டாலும் மீனை விடமாட்டம். உங்கடை முருகன் கண்டிப்பான ஆள் அக்கா.”

“வாயை மூடிக்கொண்டு உப்பைப் பாரடி.”

டிசம்பர் இருபதாம் திகதி சிவாஜினிக்கு நாற்பத்து மூன்று வயதாகும். அதன்பிறகு செயற்கைக் கருத்தரிப்புக்கு ஆஸ்பத்திரியில் எடுக்க மாட்டார்கள். இது கடைசித் தடவை. கருமுட்டை வளர்க்கும் ஊசி தொடங்குமுன் மூன்றாம் நாள் விரதத்தன்று இரத்தம் எடுத்தார்கள். பெண்களின் கொழுப்பிலிருந்து வரும் சுரப்புகளைப் பற்றி அங்கே ஓர் ஆய்வு நடந்தது. மூன்று மாதத்துக்கு முன் எடுத்தது போலவே அதற்கென்று ஒரு குழாய் கூடுதலாக எடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை, உடனே வரச்சொல்லித் தொலைபேசி வந்தது. மொழிபெயர்க்க ரோசாலியும் கூடப் போனாள்.

டொக்டர் மதாம் மார்செல் தாளைப் பார்த்தபடி கேட்டார். ரோசாலி திருப்பிச் சொன்னாள்.

“ஒழுங்காய்ச் சாப்பிடுறீங்களோ எண்டு கேக்கிறா.”

“ஓம் எண்டு சொல்லு.”

“பொய்யைப் பிரெஞ்சிலை சொல்லப்போறது நான். பாவமும் எனக்குத்தான் அக்கா.”

ஆனாலும் சொன்னாள். நேர்த்தியை நிறைவேறுமுன் வெளியே சொல்வதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

லெப்டின் என்ற சுரப்பு முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்காக விழுந்திருந்தது. உடம்பு அந்தளவுக்கு மெலியவில்லை. சாப்பிட்டும் இப்படி விழுந்தால் ஏதோ நோய் வருத்தமாக இருக்கலாம். எல்லாம் சோதித்து முடிய ஜனவரி ஆகும், அதுவரை ஊசி இல்லை என்றார் டொக்டர்.

ஜனவரி என்ற சொல் சிவாஜினிக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது.

“விரதம் எண்டு சொல்லு,” என்றாள். “ஆறு மிளகையும் சொல்லு.”

ரோசாலி விரல்களை மடக்கி எண்ணிக் காட்டினாள். டொக்டர் சிரிக்கவில்லை. தாளின் ஓரத்தில் ஆறு என்று எழுதிக்கொண்டார். பிறகு நெடுநேரம் பேசினார்.

“கொழுப்பு சும்மா கிடக்கிற சாமான் இல்லையாம் அக்கா. சாப்பாடு இருக்கு, பயப்பிடாதை எண்டு மூளைக்கு இந்த லெப்டினாலை சொல்லிக்கொண்டிருக்குமாம். ரெண்டு மூண்டு நாள் பட்டினி கிடந்தால், கொழுப்பு அப்பிடியே இருக்க, அந்தச் செய்தி மட்டும் குறைஞ்சுபோமாம். மூளை பஞ்சம் எண்டு நினைச்சால் பிள்ளை பிறகு பாப்பம் எண்டு விட்டிடலாமாம்.”

சிவாஜினி தாளின் ஓரத்தில் இருந்த ஆறைப் பார்த்தாள்.

“அப்ப அஞ்சு வருசமும்?”

“ஆறு நாளிலை அப்பிடி நடந்தது எண்டும் சொல்லேலாதாம், நடக்கேல்லை எண்டும் சொல்லேலாதாம். இண்டைக்கே சாப்பிடத் தொடங்கினால் புதன்கிழமை திரும்ப ரத்தம் எடுப்பாவாம். சரியெண்டால் வெள்ளி ஊசி.”

“ஞாயிறு பாறணையோடை விரதம் முடிச்சுச் சாப்பிட்டால் என்ன எண்டு கேள்.”

ரோசாலி கேட்டாள். டொக்டர் நாட்காட்டியைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். புதனுக்குள் எண் ஏற ஒவ்வொரு நாளும் வேண்டும்.

கடைக்குத் திரும்பியபோது மதியச் சனம் கலைந்திருந்தது. ரோசாலி ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டு வைத்துவிட்டு, பகிடி ஒன்றும் விடாமல் சட்டிப் பக்கம் போய் நின்றாள். சிவாஜினி மேலங்கிப் பையிலிருந்த கடதாசிச் சுருளைப் பிரித்தாள். நாளைக்கு உரிய ஆறு மிளகும் அதில் இருந்தன. கரண்டியின் அடியால் அவற்றை நசுக்கிச் சோற்றில் போட்டுப் பிசைந்து, நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டாள்.

மென்று விழுங்க நேரமெடுத்தது.

“ரோசாலி.”

“என்னக்கா?”

“பருப்புக்கு உப்புக் காணாது. அஞ்சு நாளாய்ச் சனத்துக்கு இதைத்தானோ குடுத்தனீ?”