பன்னிரண்டு மணிக் கப்பல்

பனாமாக்காரப் பைலட் எலியேசர் ஆராவுஸ் கயிற்றேணி ஏறிக் கப்பலுக்குள் வந்ததும், கிரேக்கக் கேப்டன் லாஸ்காரிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அமெரிக்கப் பைலட் யாரும் இல்லையா?"

"நான்தான் வந்திருக்கேன் கேப்டன்."

"சரி, பக்கத்துல நின்னு வழி சொல்லுங்க. கப்பல் என் கையிலயே இருக்கட்டும்."

எலியேசருக்குச் சுருக்கென்றது. மற்ற துறைமுகங்களில் பைலட் யோசனை சொல்வதோடு சரி. பனாமா கால்வாயில் மட்டும் கப்பலே பைலட் கைக்கு வந்துவிடும். அமெரிக்கர்கள் வைத்த வழக்கம் அது. அவர்களிடம் வாய் திறக்காமல் கப்பலைக் கொடுத்த மனிதருக்கு இன்று பார்த்து ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் போட்ட ஒப்பந்தப்படி, இன்று நண்பகலில் கால்வாய் பனாமாவுக்குக் கை மாறுகிறது. அந்த நேரத்தில் இந்தக் கப்பல், கதவை மூடித் தண்ணீர் ஏற்றிக் கப்பலை மேலே தூக்கும் மிராஃபுளோரஸ் அடைப்பில் நிற்கும். சுவரில் லேசாக உரசினாலும் போதும், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை என்று உலகமே சிரிக்கும். அந்தச் சிரிப்பை நினைக்கவே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தரலைன்னா நங்கூரம் போட்டு இருங்க. பின்னாடி நிறைய கப்பல் காத்திருக்கு. நான் அதுல ஏறிக்கிறேன்."

சொல்லிவிட்டு ஏணிப் பக்கம் நடந்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது கேப்டனுக்குப் புரிந்துவிட்டது.

"நில்லுங்க. நீங்களே ஓட்டுங்க."

அடைப்பை நெருங்கியதும், கப்பல் கயிற்றை வாங்க இரண்டு பேர் துடுப்புப் படகில் வந்தார்கள். லாஸ்காரிஸ் சிரித்துவிட்டார்.

"இந்தக் காலத்துல துடுப்பா? அமெரிக்காக்காரன் கிளம்பறதுக்குள்ள இந்தக் கதியா?"

"அவங்க ஆண்டப்பவும் இதேதான். இதைவிட நல்ல வழி அவங்களுக்கும் கிடைக்கல."

துடுப்புப் படகு கயிற்றை வாங்கிக்கொண்டு சுவரை நோக்கிப் போனது.

கப்பலுக்கும் அடைப்புச் சுவருக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு முழ இடைவெளிதான். சுவர்மேல் ஓடும் இழுவை வண்டிகள் கம்பியை இறுக்கிப் பிடித்தன. பின்னால் கதவு மூடியது, தூறலில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. திடீரென்று எல்லாப் பக்கமும் சங்கு ஊதியது. சுவரில் நின்ற கயிற்றாட்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எலியேசர் கண்ணைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

"என்ன சத்தம்?" என்றார் கேப்டன்.

"கால்வாய் எங்க கைக்கு வந்துடுச்சு."

லாஸ்காரிஸ் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே."

"தெரியக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் உழைச்சோம்."

எதிர்க்கதவு திறந்தது.

"மெதுவா முன்னால," என்றான் எலியேசர்.