அல்லிக்கு ஒரு வருஷம்

மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம், ரோஜா தன் மகளுக்கு ஒரு வருஷத்துப் படிப்பைத் திட்டம் போட்டு முடித்தாள்.

அல்லிக்கு அப்போது மூன்று வயதுகூட முடியவில்லை. அதற்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். திண்டிவனத்தில் அவர்கள் குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு ப்ளே ஸ்கூல். பொங்கல் கழிந்து சேர்த்தார்கள். மாசி பிறப்பதற்குள் குழந்தைக்குப் பேச்சு குறைந்துபோனது. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டது. தூக்கத்தில் தன் முடியைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டது. ரோஜா ஒருநாள் சொல்லாமல் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அத்தனை பிள்ளைகளும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. உள்ளே போய் அல்லியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். செருப்பை எடுக்கக்கூடத் திரும்பிப் போகவில்லை.

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸாக இருந்தவள் அவள். பிள்ளைகளின் கையைக் கட்டிப்போட்டால் மனசும் கட்டிப்போகும் என்று அங்கே கண்ணால் பார்த்திருந்தாள். மாண்டிசோரி முறையில் வீட்டிலேயே எப்படிச் சொல்லித்தருவது என்று ஆன்லைனில் ஒரு பயிற்சியும் முடித்தாள். தானே உட்கார்ந்து செய்வதாகத்தான் இருந்தாள். அந்த நேரம் பார்த்து, எப்போதோ எழுதிப்போட்டு மறந்துவிட்ட மஸ்கட் வேலை வந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். இப்போது விட்டால் இனிமேல் கூப்பிடமாட்டார்கள் என்று ஏஜென்ட் சொன்னார்.

அவள் புருஷன் சித்தார்த்தன் ஸ்கூல் வேன் ஓட்டினான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்கால மணி அடிக்கும்வரை அவனுக்கு வேலை இல்லை. போக வர அல்லியை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொள்ளலாம். நடுவில் கிடைக்கிற பகல்பொழுது முழுக்க அல்லிக்கு என்று ரோஜா கணக்குப் போட்டாள். திட்டம் முழுவதும் அந்தப் பகல்பொழுதின் மேல்தான் நின்றது.

வேலையை விட்டு நின்ற அன்று அவனையும் குழந்தையையும் விழுப்புரம் வரச்சொல்லி, மூன்று பேரும் கடைத்தெருவில் அலைந்தார்கள். குழந்தைக் கைக்கு அடங்குகிற சின்ன ஜக், எவர்சில்வர் கிண்ணங்கள், பிரம்புத் தட்டு, மூடி போட்ட டப்பாக்கள். ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் கேட்டபோது, கதவுக்கா ஜன்னலுக்கா என்று கடைக்காரர் விசாரித்தார். எழுத்து வெட்டுவதற்கு என்றாள் ரோஜா. அவருக்குப் புரியவில்லை. வெளியே வந்து வெகுநேரம் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துச் சித்தார்த்தன் பார்த்தது அதுதான் கடைசி.

பீரோ கதவில் பெரிய சார்ட் ஒட்டினாள். ஜூனில் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மொச்சைக்கொட்டையைக் கரண்டியால் அள்ளிப்போடுவது, ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றுவது. ஆடியில் துணி மடிப்பது, பட்டன் போடுவது. மழைக்காலத்தில் நிறம், சின்னது பெரிது. பொங்கலுக்குப் பிறகு உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்ப்பது, முதலில் ட, ப, ம. எண்ணுவதற்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை.

“நீங்க ஒண்ணுமே சொல்லித்தர வேணாங்க. அது கையால அதுவே செய்யட்டும். பக்கத்துல குந்திக்கினு இருந்தா போதும். சிந்துனா திட்டாதீங்க, தொடைக்கத் துணி குடுங்க” என்றாள்.

இது ஒரு பெரிய வேலையா என்று சித்தார்த்தன் நினைத்தான்.

ஜூன் மாதம் நன்றாகத்தான் போனது. அல்லி முதலில் மொச்சையை வாயில் போட்டாள், பிறகு கட்டிலுக்கு அடியில் எறிந்தாள். ஒருநாள் சட்டென்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒவ்வொன்றாக அள்ளிப்போட ஆரம்பித்தாள். கிண்ணம் காலியானதும் திரும்ப இந்தப் பக்கம். அவன் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டாள். குழந்தையின் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. சித்தார்த்தன் பாய் ஓரத்தில் அசையாமல் இருந்தான். ரோஜா மஸ்கட்டிலிருந்து போனில் கூப்பிட்டபோது அதை அவளிடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நல்லா பண்ணுச்சு என்று மட்டும் சொன்னான்.

ஜூலையில் வேன் முதலாளி சக்கரபாணி அவனைக் கூப்பிட்டார். அவருக்குத் தண்ணி கேன் வியாபாரமும் இருந்தது. மயிலம் பக்கமும் விக்கிரவாண்டி ரோட்டுக் கடைகளுக்கும் லோடு போட்டுக்கொண்டிருந்த டிரைவர் நின்றுவிட்டான்.

“நடுவுல சும்மாதானப்பா குந்திக்கினு கீறே, அந்த வண்டியக் கொஞ்சம் எடு” என்றார்.

குழந்தையோடு மொச்சைக்கொட்டை அள்ளிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அங்கே நின்ற மற்ற டிரைவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நொடி யோசித்தான். வாய் வரவில்லை. சரிங்க என்று சாவியை வாங்கிக்கொண்டான். கொஞ்ச நாளைக்குத்தானே, ஆள் கிடைத்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டான். ஆள் கிடைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அல்லியின் பகல்பொழுது லோடு வண்டியின் முன்சீட்டில் கழிந்தது. சாப்பாடும் தூக்கமும் அங்கேதான். கேன் இறக்கும்போது குழந்தை கீழே குதித்துவிடாமல் இருக்கக் கையில் போனைக் கொடுத்தான். கார்ட்டூன் ஓடினால் அவள் அசையமாட்டாள். சாயங்காலம் வேனும் ஓட்டி வீடு திரும்பும்போது இரண்டு பேருமே துவண்டு போயிருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் ரோஜா கூப்பிடுவாள். பாப்பா இன்றைக்கு என்ன செய்தது என்பதுதான் முதல் கேள்வி.

முதல்தடவை அவன் போட்டோ எடுத்தது ஏமாற்றுவதற்காக என்று சொல்ல முடியாது. இன்றைக்கு விட்டதை இப்போதாவது செய்யலாம் என்றுதான் தட்டை எடுத்து வைத்தான். அல்லி கரண்டியைக் கையில் எடுத்தாள், கொட்டாவி விட்டாள். அந்த இடைவெளியில் ஒரு படம் எடுத்து அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் ரோஜாவின் குரல் செய்தி வந்தது. ரூமில் இருக்கிற எல்லோருக்கும் காட்டினாளாம். கேரளத்து நர்ஸ் ஒருத்தி, இப்படிப்பட்ட அப்பா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாளாம். குரலில் அழுகையும் இருந்தது. சித்தார்த்தன் அதை மூன்று நான்கு தடவை போட்டுக் கேட்டான்.

மறுநாளும் ஒரு படம் போனது. அப்புறம் தினமும் போனது. அதன்பின் அதற்கும் நேரம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் கவுனை மாற்றி மாற்றிப் போட்டு, அந்த வாரத்துக்கான படங்களை ஒரே மூச்சில் எடுக்க ஆரம்பித்தான். சார்ட்டைப் பார்த்து அந்தந்த மாதத்துக்கு உரியதை எடுத்து வைப்பான். அதில் மட்டும் தவறவே மாட்டான். ஐப்பசியில் நிறங்கள், தையில் எழுத்து அட்டை. அல்லியின் ஆள்காட்டி விரலைப் பிடித்து ‘ட’ மேல் வைத்து, ‘அப்படியே இரு பாப்பா’ என்பான். அவள் அப்படியே இருப்பாள். தலையை எவ்வளவு சாய்க்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்றெல்லாம் அவளாகவே கற்றுக்கொண்டாள்.

மறு ஏப்ரலில் ரோஜா ஒரு மாத லீவில் வந்தாள். இளைத்திருந்தாள். பெட்டியில் துணிமணிகளைவிட மரச்சாமான்கள்தான் அதிகம் இருந்தன. உருளை உருளையாகக் கட்டைகள், அவை உட்காருகிற குழிகள் கொண்ட பலகை. அல்லி அப்பாவின் காலுக்குப் பின்னால் நின்று அவளைப் பார்த்தாள். போனில் வருகிற அம்மா முழு உயரத்தில் நிற்பது அவளுக்குப் பயமாக இருந்தது போலிருந்தது. ரோஜா கிட்டே போகவில்லை. அதுவாக வரட்டும் என்றாள்.

மறுநாள் காலையில் பாயை விரித்து, பழைய மொச்சைத் தட்டை எடுத்து வைத்தாள். பரீட்சை வைக்கிற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. இத்தனை மாதம் படத்தில் பார்த்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசை. சித்தார்த்தன் வேன் துடைக்கிற சாக்கில் வெளியே போயிருக்கலாம். கால் நகரவில்லை. நிலைப்படியில் நின்றான்.

அல்லி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கரண்டி மொச்சை அள்ளினாள். அடுத்த கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். சிரித்தாள். அப்படியே இருந்தாள்.

“போடு கண்ணு” என்றாள் ரோஜா.

குழந்தை போடவில்லை. கை வலித்து நடுங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அவளே கேட்டாள்:

“எடுத்தாச்சா?”

ரோஜாவுக்கு விளங்கவில்லை. எதை என்று கேட்டாள். அல்லி கரண்டியைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு எழுந்து, கட்டிலில் கிடந்த போனிடம் போய்விட்டாள்.

ரோஜா எழுத்து அட்டையை எடுத்து வந்தாள். கொஞ்சிக் கொஞ்சித்தான் கூப்பிட்டாள். அல்லி வந்து விரலை ‘ட’ மேல் வைத்தாள். விரல் நகரவில்லை. இது என்ன என்று கேட்டபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு நிலைப்படியில் நிற்கிற அப்பாவைப் பார்த்து, போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தாள்.

ரோஜா திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிமிர்கிறவர்களின் முகம்தான் அது.

அன்று பகல் முழுக்க அவள் ஒன்றும் கேட்கவில்லை. சமைத்தாள், துணி துவைத்தாள், அல்லியின் சிக்குப் பிடித்த தலையை எண்ணெய் வைத்துப் பிரித்தாள். சாயங்காலம் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் உட்கார்ந்து பேசினாள். உரக்கப் பேசவில்லை.

“வார்டுல ஒரு உசுரு போச்சுன்னா, பாத்ரூம்ல போய் அந்த போட்டோவைத்தான் பாப்பேன். நம்ம கொழந்தை நல்லாருக்குது, அதுக்கோசரம் இதைத் தாங்கிக்கலாம்னு. அதைப் பாத்துக்கினுதான் அங்க இருந்தேன்.”

சித்தார்த்தன் தலையைக் குனிந்துகொண்டான். கேன் லோடு பற்றி, சக்கரபாணி பற்றி எல்லாம் சொன்னான். கடைசியில், “நீ அங்க அழுவாம இருக்கணும்னுதான் ரோஜா” என்றான். அது பொய் இல்லை. ஆனாலும் சொன்னபிறகு அவனுக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

“நேரம் இல்லைன்னு சொல்லியிருக்கலாங்க. வேற ஏதாச்சும் பண்ணியிருப்பேன். ஒரு வருஷம் போச்சுல்ல” என்றாள் அவள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

லீவு நாட்களில் ஜூன் மாதத்திலிருந்து தானே தொடங்கினாள். போனைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அல்லி கதவைக் காலால் உதைத்து அழுதாள், அம்மாவைக் கடித்தாள், உன் ஊருக்குப் போ என்றாள். ரோஜா கையில் பல் பதிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டு பாயிலேயே இருந்தாள். நாட்கள் போகப் போக அழுகை குறைந்தது. ஒரு மத்தியானம் தற்செயலாக ஜக்கை எடுத்துக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றியது குழந்தை. வழிந்து பாய் நனைந்தது. துணியை எடுத்துத் தானே துடைத்துவிட்டு மறுபடி ஊற்றியது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரோஜா வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். பிறகு ராத்திரி தூங்கும்போது அல்லி அவள் புடவை முந்தியைக் கையில் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். அதற்குள் டிக்கெட் தேதி வந்துவிட்டது.

போகாமல் இருந்துவிடேன் என்று சித்தார்த்தன் ஒருதடவை சொல்லிப் பார்த்தான். நடுவில் விட்டால் விசாவுக்குத் தடை விழும், அனுபவச் சான்றிதழும் கிடைக்காது என்றாள். அவளும் அதையெல்லாம் யோசித்திருந்தாள் என்பது தெரிந்தது.

கிளம்புவதற்கு முன் அவன் வேன் ஓட்டுகிற பள்ளிக்கூடத்துக்கு அவளே போய் அல்லிக்கு எல்.கே.ஜி.யில் இடம் போட்டுவிட்டு வந்தாள். அங்கேயும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பீரோவில் ஒட்டியிருந்த சார்ட்டைக் கிழியாமல் பிரித்தெடுத்து, சுருட்டிப் பரணில் போட்டாள். மரக்கட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். சித்தார்த்தன் கொடுக்கவில்லை, எடுத்து வெளியே வைக்கவும் இல்லை.

ஏர்போர்ட்டுக்குப் போகிற பஸ் நின்றபோது அல்லி முந்தியை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிரித்தவன் சித்தார்த்தன். ரோஜா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நேராக முன்னால் பார்த்துக்கொண்டு போனாள்.

இப்போது அல்லி சீருடை போட்டுக்கொண்டு அவன் வேனிலேயே போய்வருகிறாள். மற்ற பிள்ளைகளை இறக்கிவிடுவதைப்போல அவளையும் இறக்கிவிடுகிறான். அவள் அழுவதில்லை. வகுப்பில் மிகவும் அமைதியான பிள்ளை என்று மிஸ் சொல்கிறார்.

ரோஜா வாரத்துக்கு இரண்டுமுறை கூப்பிடுகிறாள். சாப்பிட்டாளா, காய்ச்சல் ஏதாவது உண்டா என்று கேட்பாள். என்ன செய்தாள் என்று கேட்பதில்லை. அவனும் படம் அனுப்புவதில்லை.

போன வாரம் ஒரு காலையில் சித்தார்த்தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, அல்லி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அவித்த முட்டையை எடுத்து, தரையில் தட்டி, ஓட்டைத் துளித்துளியாக உரித்தாள். வேனுக்கு நேரமாகிவிட்டது. ஜல்தி என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றான். வெள்ளையில் ஒரு கீறல் இல்லாமல் முழு முட்டையையும் உரித்து, ஓடுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாள். போன் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. அதைத் தொடவே அவனுக்குத் தோன்றவில்லை.

அன்று ரோஜா கூப்பிட்டாள். அவன் அவசர அவசரமாகச் சொன்னான். யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகவே உரித்தாள், நான் கைகூடக் கொடுக்கவில்லை என்று சொல்லச் சொல்ல, தன் குரல் பழைய பொய்களைச் சொன்ன அதே குரலாக இருப்பது அவன் காதிலேயே விழுந்தது.



“சரிங்க” என்றாள் ரோஜா. “டூட்டிக்கு நேரமாச்சு. பாப்பாவப் பாத்துக்கோங்க.”