தானாக விரியும் ஃபோல்டர்

ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறைக்குள் விறுவிறுவென நுழைந்தாள் கடுகு. அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். ஆள் சிறுசு, வாய் காரம். நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி வைக்கும் சாஃப்ட்வேர் அவள் எழுதியது. அதில் ஒருவருடைய ஸ்கேன் இன்னொருவருடைய ஃபோல்டருக்குள் போய்விட்டது. இது மூன்றாவது முறை. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் கண்டுபிடித்ததால் ஓர் உயிர் பிழைத்தது. பழி முழுக்க ரெக்கார்டு கிளார்க் அக்காவின் தலையில். வேலைநீக்கக் கடிதம் கண்காணிப்பாளர் அம்மாவின் கையில் இருந்தது; கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நான் மவுஸ்ல சரியாத்தான் இழுத்துட்டுப் போறேன். விடுறதுக்குள்ள இடம் மாறிடுது. சொன்னா சிரிக்கிறாங்க," என்றாள் அக்கா.

கடுகின் மேனேஜரும் சிரித்தார். "சாஃப்ட்வேர்ல ஒரு தப்பும் இல்ல மேடம். பத்தாவது படிச்சவங்ககிட்ட குடுத்தா, குரங்கு கையில பூமாலைதான்."

கடுகின் அம்மா பத்தாவதையே பார்க்காதவள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் கால் கடுகுடையது. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

மூன்று மாதத்துக்கு முன்பே தலைபாடாக அடித்துக்கொண்டாள். கோப்பை இழுத்துப் போகும்போது வழியில் இருக்கிற ஃபோல்டர் பட்டவுடன் விரியக் கூடாது, விரிந்தால் கீழே உள்ளதெல்லாம் சரியும், ஒரு நொடியாவது நின்றால்தான் விரிய வேண்டும் என்றாள். "தொட்டதும் திறந்தாத்தான் ஸ்டைலு. டெமோல கைதட்டுவாங்க," என்றார் இதே மேனேஜர். காத்திருப்பைப் பூஜ்ஜியமாக்கச் சொன்னார். சரி சார் என்று ஆக்கியது கடுகின் இதே விரல்கள்தான்.

போலிப் பெயர்கள் உள்ள சோதனைப் பட்டியலைத் திறந்தாள். "சார், நீங்க இழுத்துக் காட்டுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"ரெண்டு டிகிரி வச்சிருக்கீங்களே, வாங்க."

கண்காணிப்பாளர் அம்மா நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். வேறு வழியில்லை. மேனேஜர் ஒரு கோப்பைப் பிடித்து இழுத்தார். மவுஸ் உரசிய ஃபோல்டர் பொசுக்கென்று விரிந்தது. கீழிருந்த பெயர்கள் பன்னிரண்டு வரி இறங்கின. விரலை எடுத்தார். கோப்பு யாரோ ஒருவர் பெயருக்குள் விழுந்தது.

"கை நழுவிடுச்சு."

"இன்னொரு தடவை."

மறுபடியும் தப்பு.

"பூமாலை இப்ப யார் கையில சார்?"

மேனேஜருக்குக் காது சிவந்தது. "மேடம், இதெல்லாம் செட்டிங்ல மாத்திக்கலாம்..."

"எங்க இருக்கு அந்த செட்டிங்? அந்த ஒரு நொடியைத் தூக்குன்னு சொன்னது நீங்க, தூக்கினது நான். முடியாதுன்னு சொல்ல அன்னைக்கு எனக்கு வாய் வரல. எழுதிக்குங்க மேடம், என் பேரையும் சேத்து."

கண்காணிப்பாளர் அம்மா கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

"நாளையிலருந்து நீ வர வேணாம்," என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு மேனேஜர் வெளியேறினார்.

"ஐயோ, என்னால உன் வேலை போச்சேம்மா," என்று அக்கா பதறினாள்.

"உங்களால இல்லக்கா. நாளைக்குத்தானே வர வேணாம்னான்? இன்னைக்கு இருக்கேன்ல!"

லேப்டாப்பைத் திறந்து விசைகள் நொறுங்குவதுபோல் தட்டினாள். பூஜ்ஜியம் ஒரு நொடி ஆனது.

அக்கா இழுத்தாள். வழியில் ஒரு ஃபோல்டர்கூட வாய் திறக்கவில்லை.