ஜுரம் வராத கலியன்

1

எங்கள் கல்லூரிக்குப் பத்து வயதாகிறது, மலர் போடுகிறார்கள். "வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகளை நாம் எப்படிக் கைதூக்கிவிட்டோம் என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரவும்" என்று முதல்வர் சீட்டு அனுப்பினார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில் பிறந்த கதை இது. மலரில் போட மாட்டார்கள். கல்லூரியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். மீஞ்சூர் தாண்டி, ரயில் சத்தத்தில் பாதிப் பாடம் அடிபட்டுப்போகும் ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: பழவேற்காடு ஏரியின் மீது பொன்னிறக் கதிர்கள் படர்ந்த வேளையில், கலியன் என்னும் இளைஞன் கையில் புத்தகங்களுடன்

சீ. அடித்துவிட்டேன். கலியன் கதிரைப் பார்த்துக்கொண்டு நின்றதே இல்லை. ஏரிக்குள் இருக்கும் குப்பத்திலிருந்து படகு, அப்புறம் பஸ், அப்புறம் ஒரு மைல் நடை. முதல் மணி வகுப்புக்கு ஈர வேட்டியோடு வந்து உட்காருவான்.

இரண்டாம் தொடக்கம்: 1969இல் எங்கள் பி.யூ.சி. வகுப்பில் இரண்டு பேருக்கு வருகை குறைந்தது. குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. ஒருவன் பரசுராமன், மற்றவன் கலியன்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கலியனுக்கு ஏன் குறைந்தது? (இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் கல்லூரியில் எல்லாரும் தாண்டித்தான் போனார்கள்.)

ஏரியில் எந்த நாளில் எந்த வீடு எங்கே வலை போடலாம் என்பதை வருடத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கித் தீர்ப்பார்கள். அதற்குப் பெயர் பாடு. குலுக்குவதற்கு முன் ஊர் வழக்குகளை எல்லாம் பேசி முடிக்க வேண்டும். ஒன்பது நாள் ஆகும். ஒவ்வொரு நாளும் வீட்டு ஆண்பிள்ளை வரிசையில் நின்றாக வேண்டும். மாற்று ஆள் செல்லாது.

"அப்பா இல்ல சார். ஊட்டுல ஆம்பள நான் ஒருத்தன்தான்," என்றான் கலியன். "நான் நிக்கலன்னா எங்கம்மாவுக்கும் தங்கச்சிக்கும் ஒரு வருசத்துக்கு ஏரியே இல்ல."

4

விதிப்புத்தகத்தில் நான்கு காரணங்களுக்கு மன்னிப்பு உண்டு: நோய், பெற்றோர் மரணம், விளையாட்டுப் போட்டி, என்.சி.சி. முகாம். பாடு என்று ஒரு சொல் அந்த நாற்பது பக்கத்தில் எங்கும் கிடையாது. எழுதியவர்களில் ஒருவராவது ஏரிக்கரைப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால்தானே!

பரசுராமன் ஊத்துக்கோட்டைப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. அக்கா கல்யாணத்துக்குப் பதினோரு நாள் போனவன், டைபாயிட் என்று டாக்டர் சீட்டு வாங்கி வந்தான். (அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. டைபாயிட் சீட்டோடு எனக்குக் கல்யாண லட்டும் கொடுத்தான்.)

ஆபீஸ் குமாஸ்தா ராஜவேலு நல்ல மனுஷர். கலியனைக் கூப்பிட்டு, "இன்னாப்பா பேஜார் பண்ணிக்கினு கீற? ஜொரம்னு ஒரு சீட்டு வாங்கிக்கினு வா, வேலை முடிஞ்சுது," என்றார்.

"எனக்கு ஜொரமே வரலியே சார்."

காலேஜில் சீட்டுக் கேட்கிறார்கள் என்று அவன் போய் ஊரில் சொன்னான். ஊர் வேறு மாதிரி புரிந்துகொண்டது. நம் பிள்ளை எங்கேயோ சுற்றிவிட்டுப் பாடு என்று புளுகுகிறான் என்று காலேஜில் சந்தேகப்படுகிறார்கள் போலும். சாட்சி சொன்னால் தீர்ந்தது. ஊர் கூடி எழுதினார்கள்: கலியன் ஒன்பது நாளும் எங்களோடுதான் இருந்தான், உடம்புக்கு ஒன்றும் இல்லை, நல்ல தெம்பாகவே இருந்தான், இது சத்தியம். கீழே பதினோரு கைநாட்டு. அவன் தாயார் செல்லியம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவளே வந்து கொடுத்தாள்.

ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் அதை உரக்கப் படித்தார். "நல்ல தெம்பாகவே இருந்தான்" என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நோய் இல்லை என்பதற்கு இதைவிட ஒழுங்கான வாக்குமூலம் வேண்டுமா என்று கேட்டார் ஒருவர். பொய்ச் சீட்டை மரியாதையாக வாங்கிக் கோப்பில் வைத்த கைகள், நிஜத்தைக் கைக்குக் கை மாற்றிச் சிரித்தன. எட்டு வருடம் ஆகிறது, இன்னும் எனக்கு ஆறவில்லை.

5

ஒரு பாத்திரத்தை இதுவரை ஒளித்துவைத்திருந்தேன். வகுப்புப் பொறுப்பாசிரியர் துளசிராமன். மன்னிப்புக் கேட்டுக் கலியன் கொடுத்த விண்ணப்பத்தின் அடியில் அவருக்கென்று ஒரு கட்டம் இருந்தது. 'பரிந்துரைக்கிறேன்' என்று அவர் எழுதியிருந்தால் முதல்வரால் சுலபத்தில் தள்ளியிருக்க முடியாது. அவர் எழுதியது: 'பார்வைக்கு அனுப்பப்படுகிறது.'

அவர் அப்போது மிகுந்த மன உளைச்சலில்

அடித்துவிட்டேன். அவர் என்ன அவர்? நான்தான்.

6

முடிவு அ: கலியன் பரீட்சை எழுதித் தேறினான். மலருக்குப் பிடிக்கும். பொய்.

முடிவு ஆ: அடுத்த வருடம் மறுபடி சேர்ந்து படித்தான். எப்படிச் சேருவான்? அடுத்த வருடமும் அதே மாதத்தில்தானே பாடு.

நடந்தது இவ்வளவுதான். மற்றவர்களுக்கு ஹால் டிக்கெட் கொடுத்த அன்று செல்லியம்மாள் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தாள். நான் விதியைப் பற்றி விளக்கினேன். கடைசி வரைக்கும் கேட்டாள்.

"எங்க ஊர்ல பதினோரு பேரு கைநாட்டு வெச்சாங்க சார். நீ இன்னா வெச்ச?"

இதற்குப் பதில் எழுதத்தான் கதையை ஆரம்பித்தேன். வரவில்லை. அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். விண்ணப்பம் உங்கள் மேஜைமேல் இருக்கிறது. அவள் வாசலில் நிற்கிறாள். முதல்வர் பக்கத்து அறையில் இருக்கிறார். உங்கள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அந்த உத்தரவில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நான் எழுதியதை மட்டும் எழுதிவிடாதீர்கள்.