குகைக்குள் பொடி

பொடி ஒரு குட்டி டிராகன். இறக்கை இன்னும் முளைக்கவில்லை, நெருப்புக் கக்கத் தெரியாது, வாய் மட்டும் காது வரைக்கும். குழந்தை குட்டிகளோடு குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற கார்ட்டூன் படத்தில் அதற்குக் குரல் கொடுப்பது நான். இப்போது பதிவாவது மூன்றாம் பாகம். ஸ்டூடியோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பொடி வந்தாச்சு" என்று குரல் கேட்கும். வீட்டிலும் இதே கதிதான். நான் திட்டினால் என் மகளுக்கு உறைக்காது; பொடி அதட்டினால்தான் பல் தேய்ப்பாள்.

அந்தக் கீச்சுக் குரலை ஒருமுறை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் மாடிப்படி ஏறும்போதே குரலையும் ஏற்றிக்கொள்வேன். திரும்பி இறங்கும்வரை இறக்க மாட்டேன். தண்ணீர் கேட்பது, சம்பளத்துக்குச் சண்டை போடுவது எல்லாம் பொடியாகத்தான். டைரக்டருக்கும் சவுண்ட் அண்ணனுக்கும் அது பழகிப்போய்விட்டது.

எங்கள் ஒலிப்பதிவு அறை ஒரு காலத்தில் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்த இடம். கண்ணாடி ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, கதவு எங்கு பார்த்தாலும் கறுப்பு ஸ்பாஞ்சு. பதிவு நடக்கும்போது ஏசியையும் நிறுத்திவிடுவார்கள், இரைச்சல் மைக்கில் ஏறுமாம். வளையல், கைப்பை, செல்போன் எதுவும் உள்ளே வரக்கூடாது. எனக்கு இளைப்பு உண்டு. மூச்சு மருந்து அந்தக் கைப்பையில்தான் இருக்கும்.

அன்றைக்குக் குகைக் காட்சி. மந்திரவாதி பொடியைக் குகைக்குள் தள்ளிப் பாறையால் அடைத்துவிடுகிறான். வசனம் எதுவும் எழுதவில்லை.

"நீயா பேசு பொடி. கத்து, அழு, கெஞ்சு. நடுவுல நிறுத்தவே மாட்டேன்," என்றார் வெளியே இருந்த டைரக்டர், என் ஹெட்போனில்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கத்தினேன், அழுதேன். அந்தப் புழுக்கத்தில் கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மருந்தை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கதவை இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

கதவை அறைந்தேன். ஸ்பாஞ்சு அந்த அடியை அப்படியே விழுங்கிக்கொண்டது. மைக்குக்கு ஓடிவந்து, "அண்ணே, கதவு திறக்க மாட்டேங்குது!" என்றேன்.

"பிரமாதம்!" என்றார் டைரக்டர். "ஆனா கதவுன்னு சொல்லாதே, பாறைன்னு சொல்லு."

"பாறை இல்ல, கதவு! நெஜக் கதவு! என் பையக் கொண்டாங்க, அதுல மருந்து இருக்கு!"

"மந்திரப் பையா? அட, நல்லா இருக்கே. ஓடட்டும், ஓடட்டும்."

மறுபடி போய்க் கதவை உதைத்தேன்.

"அந்த டொம்மு டொம்மு வேணாம்மா," இது சவுண்ட் அண்ணன். "சத்தத்தை நான் அப்புறமா சேத்துக்கிறேன்."

அவர்கள்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சொந்தக் குரலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். தெரியாமல் இல்லை. ஆனால் பயத்தில் குரல் இன்னும் மேலேதான் போனது. வாயைத் திறந்தால் பொடிதான் வந்தது. செத்தாலும் இந்தக் குரலிலேயே செத்து, அதற்கும் இவர்கள் கை தட்டுவார்கள் என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்தது. அதையும் பொடியே அழுதது.

"கண்ணுல தண்ணி வருதுய்யா எனக்கு," என்றார் டைரக்டர்.

தரையில் உட்கார்ந்தேன். மைக் கம்பியைப் பிடித்து முகத்துக்கு நேரே இறக்கிக்கொண்டேன். கீச்சுக் குரலுக்கு நெஞ்சு நிறைய மூச்சு வேண்டும். அது என்னிடம் இல்லை. மூச்சு தேயத் தேயக் குரலும் இறங்கியது. கடைசியில் கரகரவென்று, தணிந்து, என் குரல் வந்தது. மகள் பிறந்த அன்றைக்கு அவளிடம் பேசிய குரல்.

"என்னால முடியல. தயவுசெஞ்சு யாராவது வாங்க."

ஹெட்போனில் சவுண்ட் அண்ணன் பதறினார். "சார், உள்ள வேற யாரோ இருக்காங்க!"

வெளியிலிருந்து கதவு சுலபமாகத் திறந்தது. என்னைப் பார்த்ததும் இருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் கைப்பையைக் காட்ட, சவுண்ட் அண்ணன் எடுத்துவந்தார். மருந்தை உறிஞ்சினேன். டைரக்டர் விசிறிவிட்டார், தண்ணீர் கொடுத்தார், கைப்பிடி போட்ட தச்சனைத் திட்டித் தீர்த்தார். நல்ல மனிதர்தான், அதில் குறையில்லை. என் முகம் தெளிந்த பிறகு, பதிவானதைப் போட்டுக் கேட்டார்கள்.

"உனக்கு இப்படி ஆயிருக்கக் கூடாது பொடி. ஆனா இந்த அழுகைய இனி யாராலயும் அழ முடியாது. இதையே வச்சுக்கலாம்," என்ற டைரக்டர், சவுண்ட் அண்ணன் பக்கம் திரும்பினார். "கடைசியில யாரோ ஒரு பொம்பளை குரல் வருது பாரு, அத மட்டும் வெட்டிடு."

"அது நான்தான்," என்றேன்.

மூச்சு திரும்பிவிட்டிருந்தது. பொடியின் குரலில்தான் அதைச் சொன்னேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.