உமியென்று பறந்த சொல்

பேச்சை எழுத்தாக்கும் கணினிக்குச் சொற்பட்டியல் தயாரிப்பது அக்காவின் வேலை. 'ம்', 'அது வந்து' போன்ற தயக்கச் சொற்களை முறம் உமியைத் தள்ளுவதுபோல் கணினி தள்ளிவிட வேண்டும். இரு மௌனங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் 'இல்ல'வையும் அவள் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தாள். தம்பியைக் கேட்டுக் கேட்டுக் கண்டறிந்தது அது. வாய் திக்கும் அவன், ஒப்புக்கொள்ளும்போதுகூட, "இல்ல... வந்து... சரிதான்க்கா" என்பான்.

தம்பி மருந்துக் கிடங்கின் குளிர் அறைக்குக் காவலாளி. பேச்சு கிளம்ப நேரமாகும் என்பதால் உடன் வேலை செய்பவர்கள் அவனை 'எஞ்சின்' என்பார்கள்.

ஒருநாள் அறைக்கதவு திறந்து கிடந்து மருந்தெல்லாம் பாழானது. விசாரணையில் கேள்வி கேட்டவர் ஒருவர். அவர்கள் பேச்சை அதே கணினி எழுதிய தாளைப் படித்து முடிவெடுத்தவர்கள் வேறு சிலர்.

வேலைநீக்கக் கடிதத்தோடு அந்தத் தாளும் வீட்டுக்கு வந்தது. அக்கா படித்தாள்.

'கதவைத் திறந்து போட்டது யார்?'

'நான் சார்.'

"டேய், நீ என்னடா சொன்னே?"

"நா... நா... நான்... இல்ல... சார்."

அக்கா தாளின் அடியில் இருந்த அவன் கையெழுத்தைக் காட்டினாள். "படிச்சுப் பார்க்காமயா கையெழுத்துப் போட்டே?"

"மு... முதல் பக்கம் படிச்சேன்க்கா. ஒரு இ... இடத்துலகூட திக்கல. எம்... எம் பேச்சா இதுன்னு... சந்தோஷத்துல போட்டுட்டேன்."

மறுநாள் அவள் கிடங்கு அலுவலகத்துக்குப் போனாள். விசாரணையின் ஒலிப்பதிவைத் தரச் சொல்லிக் கேட்டாள்.

"எழுத்தானதும் பதிவு அழிஞ்சிடும்மா. கையெழுத்து இருக்கு பாருங்க" என்றார் மேலாளர்.

"அவன் 'இல்ல'ன்னு சொல்லியிருக்கான். கணினியை அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னதே நான்தான் சார்."

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டான்னு நீங்க உங்க தம்பியைத்தான் கேக்கணும்" என்று அவர் அடுத்த கோப்பைத் திறந்தார்.

தன் அலுவலகத்தில் அந்த ஒரு சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்கக் கேட்டாள். நீக்கினால் எழுத்தில் குப்பை கூடும் என்று மறுத்துவிட்டார்கள். அதைச் சேர்த்ததற்காக அவளைப் பாராட்டியவர்களும் அவர்கள்தாம்.

மாலையில் தம்பி காவல் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தான். திருப்பிக் கொடுக்க வேண்டியது.

"மேல்முறையீடு செய்யலாமாடா?"

"இ... இல்ல..." என்றான்.

அது பதிலா, பதிலுக்கு முந்தைய தயக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. காத்திருந்தாள். அவன் சட்டையின் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தான். வேறு சொல் எதுவும் வரவில்லை.