மன்றத்தின் மரியாதை

பெருவிரல்களைக் கட்டுவதற்காக வெள்ளைத் துணியில் ஒரு கீற்றுக் கிழித்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு ருக்மணியை, சாராள் அறைக்குள் விடவில்லை. கதவை ஒரு சாண் திறந்து துணியை மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடியும் மூடினாள்.

"நான் கட்டிடறேன் சாராளு. உனக்குப் பழக்கம் இருக்காது. நேரமாச்சுன்னா கால் அகண்டுக்கும்" என்றாள் ருக்மணி வெளியிலிருந்து.

"நானே பாத்துக்கறேங்க்கா."

அப்பா யேசுராஜ் விடிகாலை நாலரைக்கு இறந்திருந்தார். எழுபத்தாறு வயது. சாராள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய கால்மாட்டில் நின்றாள். சாவு வீட்டில் எல்லோரும் செய்கிற முறைதான், இரண்டு கால்களின் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டுவது. ஆனால் அப்பாவின் வலது காலில் பெருவிரல் இல்லை. அதற்கு அடுத்த விரலும் இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோய்க்கு அந்த இரண்டையும் கொடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அவர் சாராளிடம், "யாருக்கும் தெரிய வேணாம்மா. வேளாங்கண்ணிக்குப் போயிருந்தேன்னு சொல்லிடு" என்றார். அவளும் அப்படியே சொன்னாள். பொய் சொன்னதற்காகப் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள்கூட சாக்ஸும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டுதான் நடந்தார். வலது சாக்ஸின் முனையில் பஞ்சு அடைத்துக்கொள்வார். அந்த வலது காலால்தான் அவர் இந்தியாவுக்காக ஆறு ஆட்டங்கள் ஆடியிருந்தார். கோலார் தங்கவயலில் கிழிந்த பந்தை உதைத்துக்கொண்டிருந்தவரை ஓசூர்க் கம்பெனி ஒன்று கூப்பிட்டு வேலை கொடுத்ததும் அந்தக் காலுக்காகத்தான். அது முழுசாக இருந்த கால் என்றே ஊர் நினைத்துக்கொண்டு இருக்கட்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

சாராள் சாக்ஸில் புதுப் பஞ்சை அடைத்து மாட்டினாள். துணியைக் கணுக்காலில் சுற்றிக் கட்டி, போர்வையைக் காலுக்கடியில் நன்றாகச் செருகிவிட்டாள். ருக்மணி வெளியே ஒரு டம்ளர் காப்பியை வைத்துவிட்டு, ஏன் விடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல் போயிருந்தாள். அன்றைக்குச் சாராளுக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுதான்.

ஏழு மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. சாராளின் கணவன் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் பார்க்கப் போனான். நாலு மணிக்குக் கோவிலில் பூசை. பதினோரு மணிக்கு மன்றம் வந்தது.

எல்லை வட்டாரக் கால்பந்து மன்றம் என்பது அதன் முழுப்பெயர். அதற்கு ஒரு தலைவர், நாலு துணைத் தலைவர்கள், ஒரு செயலாளர், ஏழு கௌரவ ஆலோசகர்கள் உண்டு. பந்து இருக்கிறதா என்று யாரும் விசாரித்ததில்லை. செயலாளர் ராஜ்குமார் பாகலூர் ரோட்டில் வீட்டுமனை விற்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மத்திகிரியில் அவர் நடத்திய போட்டிக்கு அப்பா ஆசையாகப் போனார். வாசலில் நின்றவன் "பாஸ் இருக்குதா பெரியவரே?" என்று கேட்டான். பெயரைச் சொன்னார். "பேரு இருந்தா ஆச்சா, பாஸ் வேணும்" என்றான். மேடையிலிருந்து ராஜ்குமார் பார்த்தார், கையைக்கூட அசைத்தார். அது உள்ளே வாருங்கள் என்றா, போய் வாருங்கள் என்றா என்று அப்பாவுக்குப் புரியவில்லை. அந்தக் காலோடு வீடுவரை நடந்தே திரும்பிவிட்டார்.

அதே ராஜ்குமார் இப்போது கருப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக இறங்கினார். கூடவே இரண்டு ஆட்கள், உள்ளூர் சேனலின் கேமராக்காரர் ஒருவர், ஆளுயர ஃபிளெக்ஸ் ஒன்று. ஃபிளெக்ஸை வாசலுக்கு எதிரே கம்பத்தில் கட்டச் சொல்லிவிட்டு உள்ளே வந்து கை கூப்பினார்.

"சிஸ்டர், ஈடு செய்ய முடியாத இழப்பு. அந்தக் கால டீம்ல இந்த வருஷம் மட்டும் இது மூணாவது விக்கெட்."

கால்பந்து மன்றச் செயலாளரின் வாயிலிருந்து விக்கெட் விழுந்ததைச் சாராள் கேட்டுக்கொண்டாள். மற்ற இரண்டு பேர் இறந்தபோது அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ஆளுக்கு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொன்னார். அவர்கள் பெயர்கூட ராஜ்குமாருக்குத் தெரிந்திருக்காது.

"காப்பி சாப்பிடறீங்களா சார்?"

"இருக்கட்டும் சிஸ்டர். மன்றத்து சார்பா ஒரு மரியாதை இருக்குது." ஒரு ஆளிடமிருந்து அட்டைப்பெட்டியை வாங்கித் திறந்தார். உள்ளே கிளிப்பச்சை நிறத்தில் புத்தம்புது ஃபுட்பால் பூட்ஸ். "ஒரு இன்டர்நேஷனல் பிளேயர் வெறுங்காலோட போகக் கூடாது. நம்ம கையாலயே மாட்டி விடறோம். தம்பி, கேமராவ இந்தப் பக்கம் வை. கால் நல்லா தெரியணும்."

சாராள் ஐஸ் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வேணாம் சார்."

"என்ன சிஸ்டர் இது, பெருமைதானே!"

"அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்காது."

"புடிக்காம என்ன? உயிரோட இருந்திருந்தா அவரே சந்தோசப்பட்டிருப்பாரு." உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலி போடாதவர் இதைச் சொன்னார். "ரெண்டே நிமிஷம். மூடிய மட்டும் தொறந்தா போதும்."

கூடத்தில் உட்கார்ந்திருந்த, கோவிலின் அன்பியக் குழுப் பெண்கள், "போடட்டுமே சாராள், ஆசையா கொண்டாந்திருக்காங்க" என்றார்கள். கெட்ட எண்ணம் இல்லாத குரல்கள்தாம். அவற்றுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. காரணம் சொன்னால் ரகசியம் போய்விடும், சொல்லாவிட்டால் பூட்ஸ் ஏறிவிடும். சாராள் பெட்டியின் கால்பக்கம் போய்க் கண்ணாடி மூடிமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் அவளுக்கு ஜெபம் வரவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்கங்க சிஸ்டர், ஃபிரேம்ல வரீங்க" என்றார் கேமராக்காரர்.

ராஜ்குமாரின் ஆள் ஒருவன் தலைப்பக்கத்து மூடியைத் தூக்கிவிட்டான். குளிர்ப்புகை எழுந்தது. அவன் கை போர்வையின் ஓரத்துக்கு வந்தது.

"ஏம்பா, நான் எப்ப செத்தேன்?"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். தளியிலிருந்து முதல் பஸ் கிடைக்காமல் இரண்டாவது பஸ்ஸில் வந்திருந்த திம்மராயன் நிலைப்படியில் நின்றார். அப்பாவோடு அதே இந்திய டீமில் இருந்தவர், ரிசர்வ் கோல்கீப்பர். எட்டு வெளிநாட்டுப் பயணங்களில் ஒரு நிமிஷம்கூட மைதானத்தில் இறங்காதவர். தோளில் துண்டும், கையில் ரோஜாமாலையும், முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு கோணலும்.

"உன்னத்தான் கேக்கறேன் ராஜ்குமாரு. வெளிய கட்டியிருக்கறது யார் மூஞ்சி?"

ராஜ்குமார் வெளியே போனார். கூட்டமும் போனது. போர்வையில் கை வைத்தவனும் வேடிக்கை பார்க்கப் போனான். சாராள் மூடியை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

ஃபிளெக்ஸில் 'இந்தியாவின் இடதுகால் புயல் யேசுராஜ் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. அதன் கீழே மீசை அரும்பிய இருபத்து நாலு வயதுத் திம்மராயன் சிரித்துக்கொண்டிருந்தார். டீமின் பழைய குரூப் ஃபோட்டோவிலிருந்து யாரோ ஒரு தலையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அப்பாவின் தலை அதற்கு இரண்டு தலை தள்ளி. அடியில் ராஜ்குமாரின் முகம், அப்பாவுக்கென்று போட்டிருந்ததைவிடப் பெரிதாக. அந்த முகத்தில் மட்டும் தவறு எதுவும் நடக்கவில்லை.

"டிசைன் பண்ணவன் மாத்திட்டான்" என்றார் ராஜ்குமார். "பழைய ஃபோட்டோ பாருங்க, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கறாங்க."

"ஆமா, பதினெட்டு பேரும் ஒரே பிரசவம்" என்றார் திம்மராயன். "அவன் வலதுகால்காரன்பா. இடதுகால் அவனுக்கு நிக்கறதுக்குத்தான்."

யாரோ சிரித்தார்கள். கேமராக்காரரும் சிரித்தார். ராஜ்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அது சின்ன விஷயம், அப்புறம் மாத்திக்கலாம். டைம் ஆவுது, பூட்ஸ மாட்டிடலாம்" என்று உள்ளே திரும்பினார்.

திம்மராயன் வழியை மறித்தார். முரட்டுத்தனமாக இல்லை, பஸ்ஸில் இடம் கேட்கிறவர் மாதிரிதான்.

"படத்துக்கு ஏத்த காலு இங்க இருக்குதே. அங்க என்னாத்துக்கு?" ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஃபிளெக்ஸுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு காலை நீட்டினார். "கொண்டா. எனக்கு மாட்டு. செத்தவன் பேசுவானா? நான் பேட்டியும் குடுப்பேன்."

"பெரியவரே, அது வந்து..."

"சார், இது நல்லா இருக்கும் சார்" என்றார் கேமராக்காரர். அவருக்குத் தொழில் தெரியும். "நண்பனுக்காக பூட்ஸ் போட்ட நண்பன்னு போட்டுக்கலாம். நீங்க மண்டி போட்டு லேஸ் கட்டுங்க."

மண்டி போடலாம் என்றதும் ராஜ்குமாருக்கு முகம் தெளிந்தது. கைக்குட்டையை விரித்து அதன்மேல் மண்டியிட்டு, கேமராவைப் பார்த்துக்கொண்டே லேஸ் கட்டினார். பூட்ஸ் ஒரு அளவு சின்னது. திம்மராயன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா இறுக்கிக் கட்டுப்பா, நான் ஆடவே இல்ல, இன்னைக்காவது ஆடறேன்" என்றார். பிறகு மைக்கைப் பார்த்து யேசுராஜைப் பற்றிப் பத்து நிமிஷம் சொன்னார். ராஜ்குமாரை வாயைத் திறக்க விடவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு மன்றம் புறப்பட்டது. கிருஷ்ணகிரியில் ஒரு காதுகுத்து இருந்ததாம். காரில் ஏறப்போன ராஜ்குமார் ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பி வந்து, திம்மராயன் கழற்றி வைத்திருந்த பூட்ஸை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"பில்லு இருக்குது சிஸ்டர். கடையில திருப்பி எடுத்துக்குவான். மன்றத்துப் பொருள் பாருங்க."

சாராள் கை கூப்பினாள். இப்படிப்பட்ட மனிதரைக் கடவுளும் படைத்திருக்கிறார் என்று நினைத்தாள். எதற்காக என்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் திம்மராயன் வெறுங்காலோடு வந்து ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பூட்ஸ் கடித்த இடத்தில் குதிகால் சிவந்து தோல் வழன்றிருந்தது. ருக்மணி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

சாராள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

அவர் எண்ணெயைத் தடவிக்கொண்டே, "எது பாப்பா?" என்றார்.

அவள் பெட்டியின் கால்பக்கத்தைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில அதே வார்டுல எந்தம்பி இருந்தான். பாக்கப் போனேன். அந்தக் கடைசிக் கட்டில்ல உங்கப்பன். என்னப் பாத்ததும் போர்வைய மூஞ்சி மேல இழுத்துக்கினான். காலு வெளிய தெரிஞ்சுது. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன்." கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அப்புறம் எப்பப் பாத்தாலும், 'வேளாங்கண்ணியில கூட்டமாடா?'ன்னு கேப்பேன். 'பயங்கரக் கூட்டம்பா, நிக்க எடமில்ல'ம்பான். அஞ்சு வருஷமா அதே கூட்டம்."

சாராளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெகுநேரம் முந்தானையை எடுக்கவில்லை.

இரண்டரைக்குச் சவப்பெட்டி வந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து அதற்கு மாற்ற ஆண்கள் எழுந்தார்கள். போர்வையை எடுத்துத்தான் தூக்க வேண்டும். சாராள் கணவனைத் தலைப்பக்கமும் அவன் அண்ணனை இடுப்புப் பக்கமும் நிற்கச் சொன்னாள். கால் பக்கம் போன கோவில் ஊழியரைத் தடுத்தாள்.

"மாமா, நீங்க புடிங்க."

மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னாள். ருக்மணி கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

தூக்கும்போது குளிரில் நனைந்திருந்த வலது சாக்ஸ் நழுவிப் பஞ்சு வெளியே வந்தது. திம்மராயனின் கை அதற்குள் அங்கே போயிருந்தது. பழைய முறிவுகளில் வளைந்து நிமிராமல் போன விரல்கள் அந்த இடத்தைச் சுற்றி மூடிக்கொண்டன. பெட்டிக்குள் இறக்கினார்கள். தலைப்பக்கம் பிடித்தவர்கள் நிமிர்ந்து மூச்சு விட்டார்கள். அவர் கையை எடுக்கவில்லை. பனிக்கட்டிபோலச் சில்லிட்டிருந்த காலை உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டு அப்படியே குனிந்திருந்தார்.

கோவில் வண்டி வெளியே ஹாரன் அடித்தது. சாராள் மூடுவதற்கான வெள்ளைச் சரிகைத் துணியை விரித்த கையோடு நின்று காத்திருந்தாள்.